லண்டன் லிஃப்டில் பிடித்த தோள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், பேய் பிசாசு ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் வேலை அப்படி. சுரங்கத்திலிருந்து வரும் கல்லைப் பொடியாக்கி, ஈயத்தோடு சேர்த்து உருக்கி, கடைசியில் நிற்கும் தங்கப் பொட்டைத் தராசில் வைத்து, இந்தப் பாறையில் இவ்வளவு இருக்கிறது என்று எழுதிக்கொடுப்பது. அஸே ஆபீஸ் என்பார்கள். தராசு முள் அசைந்தால் இருக்கிறது, அசையாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். எங்கள் கூலி லைன் வீடுகளில், ஷாஃப்டுக் குழிக்குள் வெள்ளைக்காரன் ஆவி நடக்கிறது, மூடிப்போன லெவல் சுரங்கப் பாதையில் உளிச் சத்தம் கேட்கிறது என்று தினம் ஒரு கதை வரும். சாராயம் எத்தனை குடித்தாய் என்று கேட்பேன். நீங்களும் நந்திதுர்க் பக்கம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவர். என்னை அப்படித்தான் கேட்கப்போகிறீர்கள். கேளுங்கள். ஆனால் முழுக்கச் சொன்ன பிறகு கேளுங்கள்.

இது நான் லண்டனுக்குப் படிக்கப் போன கதை. அப்போது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. தங்க வயலில் இன்னும் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் வேலை நடந்தது. தொப்பியில் களிமண் உருண்டை வைத்து, அதில் மெழுகுவத்தியைச் சொருகிக்கொண்டு இறங்குவார்கள். என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், டிம்பர்மேன். பாறை சரியாமல் இருக்க உள்ளே மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. பெரிய பெரிய கட்டைகளை வலது தோளில் தூக்கித் தூக்கி அந்த இடத்தில் பாதி எலுமிச்சம்பழ அளவுக்குக் காய்ப்பு. குழந்தையில் அந்தத் தோளில் உட்கார வைத்தால் குத்துகிறது என்று அழுவேனாம்.

கேஜில் இறங்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. அந்தக் காலத்துக் கேஜ் என்றால் இரும்புக் கூண்டு, அதில் ஆட்களை அடைத்துக்கொண்டு போவார்கள். எல்லாரும் குந்தி உட்கார வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் இருப்பவன் தோளை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்த தோளை லெவல் வருகிறவரை விடக்கூடாது. இது எந்தத் துரையும் எழுதிப் போட்ட சட்டம் இல்லை, எங்கள் ஆட்களே வைத்துக்கொண்டது. ஒருத்தன் மயங்கினால் பின்னால் இருப்பவன் கைக்குத் தெரியும், அதற்காக.

நைனா மட்டும் குந்த மாட்டார். எப்போதோ கட்டை விழுந்து முட்டி கெட்டுப்போயிருந்தது, மடக்கினால் வலி. அதைவிட வீம்பு அதிகம். கடைசி வரிசை மூலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இறங்குவார், பழைய ஆள் என்று யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் அஸே ஆபீஸில் எடுபிடியாகச் சேர்ந்த புதிதில் சாம்பிள் கல் எடுக்க ஒரு முறை அவரோடு இறங்கினேன். எனக்குப் பயமாக இருந்தது, எனக்காக இல்லை, அவருக்காக. மேலேயிருந்து ஒரு கல் விழுந்தாலும் முதலில் அவர் தலைதான். தோளைப் பிடித்து அமுக்கினேன்.

"நைனா, குந்து நைனா."

"கைய எடுடா. கோழி அடைகாக்கறா மாதிரி குந்திகினு போறதுக்கு நான் ஆளு இல்ல."

கல்லை அமுக்கினது போல இருந்தது. அந்தத் தோள் கொஞ்சம்கூட அசையவில்லை.

பிறகு லண்டன் விஷயம் வந்தது. என்னை வேலைக்கு வைத்திருந்த துரை லீவில் தன் ஊருக்குப் போனபோது, என் கை சுத்தமாக இருக்கிறது, தராசில் கண் நிற்கிறது, கொஞ்ச நாள் லண்டனில் படித்தால் இங்கே பயன்படுவான் என்று கூடவே அழைத்துக்கொண்டார். லைன் முழுக்கத் திருவிழா மாதிரி இருந்தது. சபையில் எனக்காக எழுந்து நின்று ஜெபம் பண்ணினார்கள். அம்மா அழுதாள். நான் அழவில்லை. பெருமையாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பௌரிங்பேட்டை ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது நைனா ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "குளிருல கைய பாத்துக்கோடா, உனக்கு கைதான் சோறு" என்றார். தலையாட்டினேன். ரயில் போய்விட்டது. உள்ளே எதுவோ மரத்துப்போன மாதிரி இருந்தது. கப்பலிலும் அப்படியே. கடலைப் பார்த்தேன், கடல் இருந்தது, அவ்வளவுதான்.

லண்டனைப் பற்றிச் சொல் சொல் என்று திரும்பி வந்த நாளிலிருந்து எல்லாரும் கேட்டாயிற்று. எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கே பார்த்தாலும் கரி படிந்த சுவர், மஞ்சளாக ஒரு பனி, பக்கத்தில் வருகிறவன் முகம் தெரியாது. நான் தங்கியிருந்த வீட்டுக்காரி வேகவைத்த உருளைக்கிழங்கை உப்பில்லாமல் வைப்பாள், சாப்பிடுவேன். ருசி இல்லை என்று தோன்றக்கூட இல்லை. யாராவது பேசினால் ஒரு நிமிஷம் கழித்துத்தான் என்னிடம் பேசுகிறார்கள் என்று புரியும். வருத்தமும் இல்லை சந்தோஷமும் இல்லை, வேறு யாருடைய கோட்டுக்குள்ளேயோ வேறு யாரோ நடந்துபோகிற மாதிரி இருந்தது.

கல்லூரி தொடங்கின காலை. தேதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கக் காரணம் உண்டு. ஊரில் அன்றைக்குத் தீபாவளிக்கு முந்தின நாள். நாங்கள் சபைக்காரர்கள்தான், ஆனால் பக்கத்து வீட்டு அதிரசம் எங்களுக்கு முந்தின நாளே வந்துவிடும். கிளம்பும்போது அம்மா பண்டிகைத் தேதியைச் சொல்லி, அன்றைக்காவது எங்களை நினைத்துக்கொள் என்றிருந்தாள். நினைத்துக்கொண்டேன். அதிரசம் வந்திருக்கும் என்று நினைத்தேன், அதிலும் ஒன்றும் தோன்றவில்லை.

கல்லூரிக்குப் போக, தரைக்கு அடியில் ஓடுகிற ரயிலில் போ என்று துரை சொல்லியிருந்தார். சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு போனேன். படி இருக்கும் என்று பார்த்தால் படி இல்லை, ஒரு பெரிய அறை மாதிரி இருந்தது, சுற்றிலும் மரப்பலகை, மேலே விளக்கு. எல்லாரும் அதற்குள் போய் நின்றார்கள், நானும் போய்ப் பின்னால் மூலையில் நின்றேன். அது லிஃப்ட் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சீருடை போட்ட ஆள் ஒருவன் இரும்புக் கம்பிக் கதவை இழுத்து மூடினான்.

நம்பினால் நம்புங்கள், அந்தக் கதவுச் சத்தம் எங்கள் ஷாஃப்ட் கேஜ் கதவுச் சத்தமேதான். இரும்பு இரும்பில் உரசி, கடைசியில் ஒரு தட்டு. காலுக்குக் கீழே தரை நழுவியது. அவ்வளவுதான், என் புத்தி ஒன்றும் செய்யவில்லை, உடம்பு செய்தது. கண் தானாக மூடிக்கொண்டது. கை தானாக முன்னால் நீண்டு, முன்னால் இருந்தவர் தோளைப் பிடித்தது.

கோட்டுத் துணி இல்லை சார். வெறும் தோள். ஈரமான தோள். வேர்வையும் தண்ணீரும் கல் பொடியும் கலந்த அந்த நசநசப்பு. என் உள்ளங்கைக்குக் கீழே, சரியாக நடுவில், பாதி எலுமிச்சம்பழ அளவுக்குக் காய்ப்பு.

கண்ணைத் திறந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேஜில் கண்ணைத் திறக்கக்கூடாது, பிடித்த தோளை விடக்கூடாது. சின்ன வயசிலிருந்து காதில் ஏறினது, அந்த நேரத்தில் லண்டனாவது மண்ணாவது. மெழுகு கருகுகிற வாசனை வந்தது. மேலேயிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இரும்புத் தகட்டில் விழுகிற சத்தம். இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த லிஃப்டில் பிறகு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் கீழே போய்விடும். அன்றைக்கு எங்கள் ஷாஃப்டின் ஆழத்துக்கு இறங்கியது. நடுவில்தான் எனக்கு உறைத்தது, அந்தத் தோள் என் தோள் உயரத்துக்கு இருக்கிறது, இந்த மனுஷன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். மாதக் கணக்கில் செத்துக்கிடந்த என் மனசுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. உடம்பு முழுக்கப் பாரத்தையும் கையில் போட்டு அமுக்கினேன்.

"நைனா, குந்து" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

ஒரு நிமிஷம் அந்தத் தோள் விறைத்தது. பிறகு இறங்கியது. நானும் கூடவே குந்தினேன். என் கைக்குக் கீழே அது மூச்சு வாங்குவது தெரிந்தது.

யாரோ என் முதுகைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் வெளிச்சம், கதவு திறந்திருக்கிறது, எல்லாரும் இறங்கியாயிற்று. கோட்டும் தலைப்பாகையுமாக நான் லிஃப்ட் தரையில் குந்தியிருக்கிறேன், வலது கை காற்றில் நீட்டினபடி இருக்கிறது. சீருடைக்காரன்தான் தட்டினான். உடம்பு சரியில்லையா என்று கேட்டான். எனக்கு முன்னால் நின்றவர் எங்கே என்று கேட்டேன். உங்களுக்கு முன்னால் யாரும் இல்லையே, நீங்கள் கையை நீட்டினதும் எல்லாரும் ஒதுங்கிப் போய்விட்டார்களே என்றான். பிறகு என் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். நானும் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க ஈரச் சேறு. சாம்பல் நிறம். எங்கள் ஊர்ப் பாறையை அரைத்தால் வருகிற அதே நிறம்.

கைக்குட்டையில் துடைத்து மடித்து வைத்துக்கொண்டேன். கல்லூரிக்குப் போனேன், பாடம் கேட்டேன். ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை.

நான் தராசுக்காரன் இல்லையா, சும்மா இருக்க முடியவில்லை. கல்லூரியில் உலையைத் தொட விட்டதும் முதல் வேலையாக அந்தக் கைக்குட்டையை எரித்துச் சாம்பலை ஈயத்தோடு உருக்கினேன். கடைசியில் பார்த்தால் அடியில் ஒரு பொட்டு நின்றது, பூதக் கண்ணாடி வைத்தால்தான் தெரியும், ஆனால் மஞ்சள். வாத்தியார் எட்டிப் பார்த்து, இது எந்த இடத்துச் சாம்பிள் என்று கேட்டார். என் கையிலிருந்து எடுத்தது என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

நைனா போய்விட்டார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். இந்த மாதிரிக் கதைகளில் அப்படித்தானே வரும், செத்த நேரத்தில் வந்து காட்டிவிட்டுப் போவார்கள் என்று. ஊருக்கு எழுதினேன், நைனா சுகமா என்று மட்டும். எல்லாரும் சுகம் என்று பதில் வந்தது. நான் நம்பவில்லை, தூர தேசத்தில் இருக்கிறவனுக்கு யார் இழவுச் செய்தி எழுதுவார்கள். படிப்பு முடிகிறவரை அப்பா இல்லாதவனாகவே லண்டனில் இருந்தேன். அழுதேனா என்றால் இல்லை. ஒரே ஒரு தடவை, உருளைக்கிழங்குக்கு உப்பு வேண்டும் என்று வீட்டுக்காரியிடம் சத்தம் போட்டேன், அதற்குப் பிறகு என் அறைக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது பௌரிங்பேட்டை பிளாட்பாரத்தில் நைனா நின்றுகொண்டிருந்தார். உயிரோடு சார். வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் தோளைத்தான் முதலில் தொட்டேன்.

"இன்னாடா, தொரைங்க ஊர்ல கும்புட மறந்துட்டியா? தோள தடவிப் பாக்கற?"

அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மாதான் ஆரம்பித்தாள். "உனுக்கு எழுதக்கூடாதுன்னுட்டாரு. இவரு பொழச்சது கர்த்தரோட கிருபை" என்றாள். நான் லண்டன் போன வருஷத்துத் தீபாவளிக்கு முந்தின நாள், இரண்டாம் ஷிஃப்ட். மத்தியானத்துக்கு மேல் இறங்குகிற ஷிஃப்ட் அது. லண்டன் காலை நம் ஊருக்கு மத்தியானம் என்பது உங்களுக்குத் தெரியும். கேஜ் பாதி வழியில் இருக்கும்போது பூமிக்குள்ளே பாறை வெடித்திருக்கிறது. அது அடிக்கடி நடப்பதுதான், யார் தப்பும் இல்லை. அந்த அதிர்ச்சியில் ஷாஃப்டில் சொருகியிருந்த மரச்சட்டம் ஒன்று கழன்று, கேஜின் மேல் தகட்டைக் கிழித்துக்கொண்டு மூலைக்குள் பாய்ந்து நின்றது. குந்தியிருந்தவர்கள் தலைக்கு மேலே. நைனா எப்போதும் நிற்கிற மூலையில், அவருடைய தலை இருக்கிற உயரத்தில்.

"நீ நிக்கலையா நைனா?" என்றேன். 

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "நின்னுகினுதான் இருந்தன். பின்னால இருந்து எவனோ தோள புடிச்சி அமுத்துனான் பாரு, முட்டி மளுக்குன்னு மடங்கிப்போச்சி. குந்தின ஒடனே தலைக்கு மேல டமார்னு வுழுது."

"பின்னால யாரு இருந்தாங்க?"

"அதாண்டா வேடிக்க. கடசி வரிசடா நான். எனக்குப் பின்னால கம்பிதான் கீது."

நான் லண்டன் லிஃப்ட் விஷயம் முழுக்கச் சொன்னேன். கைச் சேறு, தங்கப் பொட்டு, எல்லாம். அம்மா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நைனா மட்டும் தலையை ஆட்டி மறுத்தார்.

"அது நீ இல்லடா. உன் கை எனக்குத் தெரியாதா. அது கெழவன் கை. சொரசொரன்னு, எலும்பும் தோலுமா. நடு வெரலு பாதிதான் கீது, மொட்டையா. அது குத்துச்சி இங்க." தோளில் காய்ப்புக்குப் பக்கத்தில் தொட்டுக் காட்டினார். "கொரலும் கெழக் கொரலு, தொண்ட கட்டிப்போன மாதிரி. அதுல பாரு, அந்தக் கெழவன் என்ன நைனான்னு கூப்புடறான்."

அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சாகிறவரை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார், எவனோ கிழவனுக்கு நான் நைனாவாம் என்று. ஒன்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு அவர் நின்றுகொண்டு இறங்கியதில்லை. பல வருஷம் கழித்து இருமல் வந்து, கட்டிலில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நல்ல சாவு.

அந்தக் கை என் கை இல்லை என்று அவர் சொன்னது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஏதோ சபைக்காரர்கள் சொல்கிற மாதிரி தேவதூதன் என்று வைத்துக்கொள்ளலாம், லண்டனில் எனக்கு நடந்தது மூளைக் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியே வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன வருஷம் ஆபீஸில் கல் நொறுக்குகிற மெஷினில் என் கை மாட்டியது. ஊரெல்லாம் தெரியும், நீங்களும் வந்து பார்த்தீர்கள். ராபர்ட்சன்பேட்டையில் கம்பவுண்டர்தான் கட்டுப் பிரித்தார். பரவாயில்லை, ஒரு விரல்தான், அதிலும் பாதிதான் என்றார். கை என் முழங்கால் மேல் இருந்தது. எலும்பும் தோலுமாக, உலைச் சூட்டில் சொரசொரத்துப்போன கை. வலது கை. நடு விரல் மொட்டை. தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். ஈயப் புகை குடித்துக் குடித்துத் தொண்டை எப்போதோ கட்டிப்போயிற்று, ஆனால் என் குரல் எப்படி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நான் காதில் வாங்கினேன்.

இந்த வயசில் சாம்பிள் எடுக்க நானே ஏன் இறங்குகிறேன் என்று ஆபீஸில் கேட்கிறார்கள். எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன். இரண்டாம் ஷிஃப்டில்தான் இறங்குவேன். இப்போதெல்லாம் கேஜ் பெரிசு, மின்சார விளக்கு இருக்கிறது, யாரும் குந்துவதில்லை, தோளைப் பிடிப்பதும் இல்லை. நான் மட்டும் கண்ணை மூடிக் கையை நீட்டுகிறேன். யாராவது இளவட்டத்தின் தோள்தான் கிடைக்கிறது, சட்டை போட்ட தோள். "இன்னா பெருசு, பயமா?" என்று சிரிக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தின நாளும் இறங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

நைனா பிழைத்துவிட்டாரே, அப்படியானால் அது நடந்து முடிந்ததுதானே என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். தராசுக்காரன் புத்தி கேட்கமாட்டேன் என்கிறது. லண்டனில் தோளைப் பிடித்தபோது என் விரல்கள் எல்லாம் முழுசாக இருந்தன. நைனாவை அமுக்கிய கை இந்தக் கை, இது இன்னும் அவரைத் தொடவில்லை.

மார்கழியோடு எனக்கு வேலை முடிகிறது. அதற்கப்புறம் கேஜில் ஏற விடமாட்டார்கள். நைனா அந்த மூலையில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.